கம்ப்யூட்டரைக் கையால் பார்த்து வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராம் 8 ஜிபி போதுமா, 16 போட வேண்டுமா? எஸ்.எஸ்.டி. எவ்வளவு? பிராசஸர் எந்தத் தலைமுறை? மானிட்டர் எத்தனை இன்ச்? சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லிவிடுகிறேன். ஆனால், "இந்தக் கீபோர்டில் தினமும் இரண்டு மணி நேரம் தட்டினால் என் விரல் என்ன ஆகும்?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மவுஸை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கியவரையும் நான் பார்த்ததில்லை. செருப்பு வாங்கினால் காலில் போட்டு நாலு அடி நடந்து பார்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலை கொடுக்கும் கம்ப்யூட்டரை மட்டும் விளம்பரத் தாளைப் படித்தே வாங்கிவிடுகிறோம்.

கம்ப்யூட்டர் கண்ணுக்கும் மூளைக்கும் மட்டுமான கருவி என்ற எண்ணம் வாங்குகிறவர்களிடம் மட்டும் இல்லை. அதைத் தயாரிப்பவர்களிடமும் அதற்கு சாஃப்ட்வேர் எழுதுபவர்களிடமும் இருக்கிறது. கை அசைவதையும் விரல் உணர்வதையும் கணக்கில் எடுக்காமல் செய்த கருவி நம் வேலையைக் கெடுக்கும். சில இடங்களில் உயிரையே வாங்கும். வாங்கியும் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மேசையிலிருந்தே ஆரம்பிப்போம்.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கீபோர்டின் நடு வரிசையை மெதுவாகத் தடவிப் பாருங்கள். இரண்டு கீகளில் மட்டும் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். கண்ணைத் திறந்தால் அவை எஃப், ஜே என்று தெரியும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து உட்கார வேண்டிய இடம் அது. அந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் மற்ற கீகளைத் தேட வேண்டியதில்லை. நம்பர் பேடில் 5ஆம் எண்ணிலும் இதுபோல ஒரு மேடு இருக்கும். அரிசிக் குருணை அளவு பிளாஸ்டிக்தான். ஆனால் கண்ணின் வேலையை எடுத்துக் கையிடம் கொடுத்துவிடுகிறது. கண் அப்போது ஸ்கிரீனைப் பார்க்கலாம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த மேட்டில் இன்னொரு வசதியும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி அதே ஆண்டில் தமிழக அரசு தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதில் உயிரெழுத்துகள் இடது கைக்கும், உயிர்மெய்யின் அகர வரிசை பெரும்பாலும் வலது கைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்ச் சொற்களில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் ஒரு கை தட்டும்போதே மறு கை அடுத்த எழுத்துக்குத் தயாராகிவிடும். உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்துவது மாதிரி. எஃப் கீயில்தான் புள்ளி இருக்கிறது. அதாவது இடது ஆள்காட்டி விரல் உட்காரும் மேடுதான் தமிழின் புள்ளி!

"அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். "தங்கம்" என்ற சொல்லில் ங-வை அடுத்து க அடித்தாலும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் ஏ எம் எம் ஏ ஏ என்று அடித்துத் தமிழாக மாற்றுபவர்களுக்கு ஒரு தட்டு அதிகம். அது பெரிய விஷயமில்லை. மனதுக்குள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தாக மாற்றிவிட்டு அப்புறம் தட்டுகிறார்களே, அந்தச் சுற்று வழிதான் சோர்வைத் தருகிறது. விண்டோஸ் 10இல் 2019 மே அப்டேட் முதலே தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. தனியாக சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. தினம் 20 நிமிடம், மூன்று வாரம் பழகிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து அரசுத் தேர்வு எழுதிய அக்காக்கள், அண்ணன்கள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தமிழ்99க்கு மாறச் சொல்லித் தொல்லை செய்யாதீர்கள். டைப்ரைட்டர் முறை கீபோர்டும் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. அவர்கள் விரலில் ஏறிய பாடம் அவர்கள் சொத்து.

மவுஸ் விஷயமும் இதே கதைதான். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கை அசைவைப் பற்றி ஒரு விதியைக் கண்டுபிடித்தார். ஒரு இடத்தைத் தொடக் கைக்கு ஆகும் நேரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. அந்த இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்பவை அவை. கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி ஸ்கிரீன் ஓரத்தில் வந்து முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. அதனால் மூலையில் உள்ள பொத்தான் சின்னதாக இருந்தாலும் கைக்கு அது பெரிய பொத்தான். கண்ணை மூடிக்கொண்டே தள்ளலாம். விண்டோஸ் 95 காலத்திலிருந்து ஸ்டார்ட் பொத்தான் இடது கீழ் மூலையில் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலையில் முட்டி நின்ற வசதி போய்விட்டது. இத்தனை ஆண்டு பழகிய கையைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பது என் அபிப்பிராயம். மாற்ற வேண்டுமானால் டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள். டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் டாஸ்க்பார் அலைன்மென்ட் என்பதை லெஃப்ட் ஆக்கிவிடுங்கள்.

கிரேன் கேபினில் கற்றது

கையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு என் ஊரும் ஒரு காரணம். நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கன்டெய்னருக்கென்றே தனி முனையம் இந்தியாவில் முதலில் வந்தது சென்னைத் துறைமுகத்தில்தான், 1983இல். எண்ணூரில் இன்று காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் இருப்பது 2001இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். ராயபுரத்திலிருந்து வடக்கே போகப் போகக் கிரேன்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

கப்பலிலிருந்து கன்டெய்னரை இறக்கும் கேன்ட்ரி கிரேனில் ஆப்பரேட்டரின் கேபின் பத்து மாடி உயரத்தில் தொங்கும். கேபினின் தரை கண்ணாடி. ஆப்பரேட்டர் முன்னால் குனிந்து, தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே கீழே பார்த்தபடி வேலை செய்வார். ஒரு கையில் டிராலியை முன்னும் பின்னும் நகர்த்தும் ஜாய்ஸ்டிக், மறு கையில் மேலும் கீழும் ஏற்றி இறக்கும் ஜாய்ஸ்டிக். கயிற்றின் நுனியில் ஸ்பிரெடர் என்ற இரும்புச் சட்டம் தொங்கும். அதன் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகள் கன்டெய்னரின் நான்கு மூலைத் துளைகளில் சரியாக இறங்கினால்தான் தூக்க முடியும். கன்டெய்னர் சரக்கோடு 30 டன் வரை இருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், கயிற்றில் தொங்குவது ஆடும். பள்ளியில் படித்த ஊசல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 20 மீட்டர் கயிற்றில் தொங்கும் பொருள் ஒரு முறை போய் வர ஏறக்குறைய 9 விநாடி ஆகும். எடை எவ்வளவு என்பது முக்கியமில்லை, கயிற்றின் நீளம்தான் கணக்கு. கன்டெய்னரை மேலே தூக்கும்போது கயிறு குறையும், ஆட்டத்தின் வேகமும் மாறிவிடும். 10 மீட்டரில் அது 6 விநாடிக்குச் சற்று அதிகம். டிராலியை நிறுத்தினால் கன்டெய்னர் நிற்காது, முன்னால் வீசிக்கொண்டு போகும். அனுபவமுள்ள ஆப்பரேட்டர் என்ன செய்வார் தெரியுமா? அது முன்னால் போய் நிற்கும் அந்தக் கண நேரத்தில் டிராலியைச் சட்டென்று தள்ளி அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஆட்டம் அடங்கிவிடும். இதை ஃபார்முலா போட்டுச் செய்ய நேரம் கிடையாது. மணிக்கு இருபது முப்பது பெட்டி கை மாற வேண்டும்.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எப்போது தள்ள வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டேன். "கண்ணு பாக்கும் தம்பி. ஆனா சீட்டுதான் சொல்லும்" என்றார். பெட்டி வீசும்போது அதன் இழுப்பு டிராலிக்கு வந்து, கேபினுக்கு வந்து, உட்கார்ந்திருக்கும் இருக்கை வழியாக இடுப்புக்கு வந்து சேர்கிறது. பெட்டி சிக்கிக்கொண்டால் மோட்டார் சத்தம் மாறும், காலுக்கடியில் அதிர்வு மாறும். அதன் பிறகுதான் கண் அதைக் கவனிக்கும். கேபினில் இருக்கும் மானிட்டரில் எடை எவ்வளவு, காற்று எவ்வளவு என்றெல்லாம் எண்கள் ஓடும். "அது எல்லாம் மேனேஜருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்த வேலையில் உடம்பு படும் பாட்டையும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் குனிந்தபடி இருந்து கழுத்தும் முதுகும் போனவர்கள் உண்டு. அதனால், ஆப்பரேட்டரைக் கீழே கொண்டுவந்து கன்ட்ரோல் ரூமில் உட்கார வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கேரளத்தில் விழிஞம் துறைமுகத்தில் அப்படித்தான் நடக்கிறது. 2024இல் சோதனை ஓட்டம் தொடங்கி 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த துறைமுகம் அது. அந்தக் கடற்கரையைச் சேர்ந்த பெண்கள் கன்ட்ரோல் ரூமில் அமர்ந்து யார்டு கிரேன்களை இயக்குகிறார்கள். உயரத்தில் ஏற வேண்டாம், குனிய வேண்டாம் என்று ஆனதும் அதுவரை ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த வேலைக்குப் பெண்களும் வந்தார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆனால் கீழே வந்தவர் கையில் என்ன கொடுக்கிறோம்? கேமரா காட்டும் படத்தையும் ஜாய்ஸ்டிக்கையும். இருக்கையின் செய்தி போய்விட்டது. படம் வந்து சேர்வதில் கண் சிமிட்டும் நேரம் தாமதமானாலும் கை தடுமாறும். ஆட்டத்தை அடக்கும் வேலையை சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும், சரி. சாஃப்ட்வேர் கைவிட்டு ஆளிடம் ஒப்படைக்கும் கணம் ஒன்று வருமே, அப்போது அவர் கைக்கு என்ன தெரிந்திருக்கும்? இதுதான் வடிவமைப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இதற்குப் பதில் தேடியவர்கள் முன்பே இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோயர்ட்ஸ் என்ற பொறியாளர் 1940களின் கடைசியில், கதிரியக்கப் பொருள்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கையாள எந்திரக் கைகளைச் செய்தார். இரும்புக் கம்பியும் கப்பியும் இணைத்திருந்ததால், அந்தப் பக்கம் பிடித்தது கடினமா மென்மையா என்று இந்தப் பக்கக் கைக்குத் தெரிந்தது. 1950களில் கம்பிக்குப் பதிலாக மோட்டாரும் மின்சாரமும் வந்தபோது அந்த உணர்வு அறுந்துபோகாமல் இருக்க, பிடியின் அழுத்தத்தை மோட்டார் வழியாகவே ஆப்பரேட்டர் கைக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். இன்று ஹாப்டிக்ஸ் என்று சொல்லப்படும் துறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். எந்திரக் கைகளைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், நம் கல்பாக்கத்திலும் அணு எரிபொருளை ஆராயும் கூடங்களில் அவை வேலை செய்கின்றன.

கண்ணாடியில் ஓட்டிய கப்பல்

இப்போது முன்பு சொன்ன அந்தக் கதை. கப்பல் மோதல் என்றால் எங்கள் பக்கத்தவர்களுக்கு 2017 ஜனவரி 28தான் ஞாபகம் வரும். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கி, வாளியால் அள்ளினார்களே, அது. அந்த விபத்துக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. நான் சொல்லப் போவது அதே ஆண்டு ஆகஸ்ட் 21 விடியற்காலையில் சிங்கப்பூர் அருகே நடந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் அல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள்.

அந்தப் போர்க்கப்பலில் சுக்கானையும் எஞ்சின் வேகத்தையும் டச் ஸ்கிரீனில் இயக்கும் புதிய முறை வைத்திருந்தார்கள். நெரிசலான கடல் வழி. ஒருவரே இரண்டையும் பார்க்கத் திணறுகிறார் என்று வேகக் கட்டுப்பாட்டைப் பக்கத்து ஸ்கிரீனுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து அங்கே போய்விட்டது. சுக்கானே வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார்கள். கப்பலுக்கு இரண்டு புரொபெல்லர்கள். இரண்டையும் சேர்த்து இயக்கும் இணைப்பும் அந்தக் குழப்பத்தில் விட்டுப்போயிருந்தது. வேகத்தைக் குறைத்தபோது இடது பக்கம் மட்டும் குறைந்தது. வலது பக்கம் பழைய வேகத்திலேயே தள்ள, கப்பல் இடது பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையில் போய் நின்றது.

பழைய முறையில் இரண்டு இரும்புக் கைப்பிடிகள் அருகருகே இருக்கும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நின்றால் பிடித்திருக்கும் உள்ளங்கைக்கே தெரிந்துவிடும், பார்க்கவே வேண்டாம். கண்ணாடியில் அது இரண்டு படங்கள். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான், வழவழப்பு. விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பயிற்சிக் குறை, களைப்பு எனப் பல காரணங்களோடு இதையும் சொன்னது. 2019இல் கடற்படை, இந்த வகைக் கப்பல்களில் மீண்டும் கைப்பிடிகளையே பொருத்த முடிவெடுத்தது.

கார்களிலும் இப்போது இதே திருப்பம் நடக்கிறது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையில் தட்டுப்படும் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. முழு மதிப்பெண் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஸ்கிரீனுக்குள் புதைக்க முடியாது.

டச் ஸ்கிரீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பேரனின் போட்டோவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். ஆனால் எதைத் தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளில் விரல் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வட சென்னையில் கேரம் ஒரு பொழுதுபோக்கு மட்டும் இல்லை. இங்கிருந்து போன காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அந்த 15 கிராமில், பவுடர் எவ்வளவு போட்டிருக்கிறது, பலகை எவ்வளவு வழுக்குகிறது, நகத்தால் தட்டுவதா விரல் முனையால் தள்ளுவதா என்று அத்தனையும் விரலில் தெரிகிறது. மொபைலில் கேரம் ஆடினால் கோட்டை இழுத்து விட்டால் போதும், காய் குழியில் விழும். நல்ல பொழுதுபோக்குதான், நானும் ரயிலில் ஆடுகிறேன். ஆனால் அதில் ஆயிரம் ஆட்டம் ஜெயித்தவன் பலகை முன் உட்கார்ந்தால் முதல் காயைக்கூடப் போட முடியாது. கண் கற்றது விரலுக்குப் போய்ச் சேரவில்லை.

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் போனில் கணக்குப் பார்க்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் விரலைப் புடவையில் துடைப்பார்கள். அப்புறம் தொடுவார்கள். வேலை செய்யாது. மறுபடி துடைப்பார்கள். இன்றைய டச் ஸ்கிரீன், விரல் அருகே வரும்போது மின்னூட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து வேலை செய்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதால் ஈரத்தில் குழம்பிவிடும். காய்த்துத் தடித்த விரலை அது சரியாக உணராது. படகில் இருக்கும் ஜிபிஎஸ், வயர்லெஸ் கருவிகளில் பொத்தானும் திருகும் இன்னும் இருப்பது பழைய காலத்துப் பழக்கத்தால் இல்லை. ஈரக் கையும் ஆடும் படகும்தான் காரணம்.

இதே விரலைத்தான் ரேஷன் கடைக் கருவியும் கேட்கிறது. தமிழகத்தில் 2020 அக்டோபரில் கைரேகை வைத்துப் பொருள் கொடுக்கும் முறை வந்தது. கல்லுடைத்த கை, ஐஸ் பெட்டி தூக்கிய கை, வலை இழுத்த கை, வயதான கை என்றால் ரேகை தேய்ந்திருக்கும். கருவி அடையாளம் காணாது. பிறகு கருவிழியைப் பதிவு செய்யும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள், நல்லது. ஆனால் முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. கருவியை மேசையில் வைத்துச் சோதித்தவர்களின் விரல் என் விரல் மாதிரி இருந்திருக்கும், கீபோர்டைத் தவிர வேறு எதையும் தேய்க்காத விரல்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறது. ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் பில் போடும் அக்கா பழைய கறுப்பு ஸ்கிரீன் சாஃப்ட்வேரில் ஃபங்ஷன் கீயையும் நம்பர் பேடையும் வைத்தே வேலை செய்துவந்தார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து, "சின்னவன் ஸ்கூலுக்குப் போறானா?" என்று கேட்டுக்கொண்டே பில்லை முடித்துவிடுவார். கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கிய டச் ஸ்கிரீன் எந்திரம் வந்த பிறகு, பருப்புக்கு ஒரு தொடல், எடைக்கு ஒரு தொடல், உறுதி செய்ய ஒரு தொடல். ஒவ்வொன்றுக்கும் கண் ஸ்கிரீனுக்குப் போக வேண்டும். வரிசை நீண்டது, பேச்சும் நின்றுபோனது. எங்கள் சாஃப்ட்வேரை அங்கே போட்டபோது அக்கா வைத்த ஒரே நிபந்தனை, "கீபோர்டை எடுக்கக் கூடாது" என்பதுதான். பழைய கீ வரிசையை அப்படியே வைத்தோம். முதல் நாளே பழைய வேகத்தைப் பிடித்துவிட்டார்.

வழவழப்பான கண்ணாடிக்கும் உணர்வைக் கொடுக்க முடியுமா? முயற்சி நடக்கிறது, அதுவும் நம் ஊரில். சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் குழுவினர் ஐடாட் என்ற தொடுதிரையை உருவாக்கி 2022இல் அறிவித்தார்கள். அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. விரல் நகரும் இடத்தில் மின்புலத்தை சாஃப்ட்வேர் மாற்றும்போது விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான உராய்வு கூடிக் குறையும். அதனால் சமமான கண்ணாடியிலேயே பொத்தானின் ஓரம், சொரசொரப்பு எல்லாம் இருப்பது போல விரலுக்குத் தெரியும். 2015இல் வந்த மேக்புக்கின் டச்பேடில் வேறு வகையான தந்திரம். அழுத்தினால் உள்ளே போவதே இல்லை. மோட்டார் ஒரு சின்ன அதிர்வு கொடுக்கும், விரல் அதைக் கிளிக் என்று நம்பிவிடும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்! இவையெல்லாம் விலை குறைந்து எல்லாருக்கும் வரட்டும். ரேஷன் கடைக் கருவிக்கும் மீன் ஏலக் கணக்குக்கும் வந்தால் கைதட்டுவேன், கேம் ஆடும் போனில் மட்டும் வந்தால் எனக்குப் பெரிதாக மகிழ்ச்சி இல்லை.

அதுவரை நீங்கள் செய்யக் கூடியது கையில் பார்ப்பதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனாலும் உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி நோட்பேடில் உங்கள் வீட்டு முகவரியை இரண்டு முறை அடியுங்கள். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். கீ அமுங்கியது விரலுக்குத் தெரிகிறதா, எஃப், ஜே மேடுகள் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். சில மாடல்களில் அவை இருப்பதே தெரியாத அளவுக்குத் தேய்ந்த மாதிரி இருக்கும். நம்பர் அதிகம் அடிப்பவர் என்றால் நம்பர் பேடு இல்லாத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். டெஸ்க்டாப் வாங்குபவர்கள் கடைக்காரர் இலவசமாகத் தரும் கீபோர்டு, மவுஸைப் பிரித்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ராமில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு நல்லதாக வாங்குங்கள். ராமைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளங்கை கொள்ளாத மவுஸைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், சின்ன அளவிலும் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மேசை உயரத்தைப் பாருங்கள். முழங்கை மடங்கி, தோள் தூக்காமல், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை பெரும்பாலும் இதற்கு உயரம் அதிகம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு, காலுக்குக் கீழே பழைய மனைப்பலகை ஒன்றை வைத்துவிடுங்கள்.

கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, "வாங்கினால்தான் தொடலாம்" என்று சொல்லும் கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.